பக்கத்துப் பல்லுக்கு கேப்

வேர் சிகிச்சையின்போது பல் டாக்டரின் ஊசி தவறிக் குத்தியதில் ஒரு கடைவாய்ப் பல்லின் வேரில் ஓட்டை விழுந்தது. அவர் பதறிப்போய் அப்போதே மருந்து வைத்து அடைத்தார்; பிறகு பளபளவென்று உறை போல ஒரு கேப்பும் மாட்டிவிட்டார்.

பக்கத்துப் பல்லுக்கு வயிறு எரிந்தது. சொத்தை அரித்து அதன் வேரிலும் ஓட்டைதான், அதை யார் கண்டார்கள்?

"அண்ணே, உங்களுது கடுகளவுதான். எச்சில் இறங்குறதுக்குள்ள வலியைக் காட்டிடுங்க, அடைச்சுடுவாங்க" என்றது கேப் போட்ட பல்.

"உன்னைத் தாங்குனவங்க என்னையும் தேடி வரட்டும்டா!"

பக்கத்துப் பல் வீம்பாக வலியை அடக்கிக்கொண்டது. மாதங்கள் ஓடின. ஈறு சீழ் பிடித்து, பல் ஆட்டம் கண்டது.

கடைசியில் பல் பிடுங்கும் பெரிய குறடு உள்ளே வந்தது. பல் ஆடிக்கொண்டே நிமிர்ந்து பக்கத்தில் பார்த்தது.

"பாத்தியா? உனக்கு வந்தது வெறும் ஊசி."