துண்டு போடாத கொடி

அக்னஸ் தன் பிராவை முன்வாசல் கொடியில் உதறிப் போட்டாள். அதன்மேல் ஒரு துண்டுகூடப் போடவில்லை. மலேசியாவில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்ததில்லை. கைலிக்கு அடியில் ஒளித்துத்தான் காயப்போடுவார்கள்.

"ஆம்பளைங்க மோட்டார்ல போற வழி. மேல ஒரு துண்டப் போடும்மா" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லாயி.

"பாக்கட்டும்க்கா. மூணு வீடு தள்ளி இருந்த பிரேமாவதி மாருல வந்த கட்டிய கூச்சப்பட்டு ஒளிச்சு வச்சுத்தான் செத்தாங்க. பாவம், டாக்டர்கிட்டகூட காட்டல."

அது சாதாரண பிரா அல்ல. அக்னஸ் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் பெண்களுக்குச் சோதனை முயற்சியாகக் கொடுத்தது. மாரில் ஏதாவது கட்டி இருந்தால், உள்ளே தைத்திருக்கும் கருவி மோப்பம் பிடித்துக் கைப்பேசியில் சிவப்பு காட்டும்.

கொண்டுவந்த அன்று வீட்டில் ஒரே சிரிப்பு. கணவர் ஜெரார்ட் அதை வெற்று மாரில் மாட்டிக்கொண்டு ஆட்டம் போட, மகள் இவாஞ்சலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலமே கைப்பேசி சிவப்பு காட்டியது. பெரியாஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பக் கட்டம், அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள்.

லயத்துக் கொடியில் தொங்குவது மாதா கோயில்வரை போக எவ்வளவு நேரம் ஆகும்? ஞாயிறு பூசை முடிவதற்குள், அக்னஸுக்கு மாரில் புற்று என்ற பேச்சு இவாஞ்சலினுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை ஜோனதனின் அம்மா ஜானிஸ் காதில் விழுந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். ஜானிஸ் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே மழை, வெயில், மண்டபம் என்று சுற்றி வளைத்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருமாம். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் பயமாம். ஓலையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமாம். தள்ளிப் போட்ட கல்யாணம் என்ன ஆகும் என்று தெரியாத வீடா அது? அடுப்படி வாசலில் நின்ற இவாஞ்சலினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்னஸ் மறுக்கவில்லை. கெஞ்சவுமில்லை.

"தள்ளிப் போட வேணாம் சம்பந்தி. இந்தப் பொண்ணு வேணாம்னா இப்பவே சொல்லிட்டுப் போங்க. நோயக் கண்டுபிடிச்சாச்சு, வைத்தியம் பாக்கப் போறோம். இதுல தலைகுனிய என்னா இருக்கு? எதையும் ஒளிச்சு வைக்கிற குடும்பம் இல்லலா இது."

அந்தக் கடைசி வார்த்தை ஜெரார்டுக்குச் சுருக்கென்றது. மனைவியைப் பற்றி லயமே வாய்க்கு வந்தபடி பேசியபோதும் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போய் வந்த மனிதர் அவர். இன்றும் மூலை நாற்காலியில் பேசாமல்தான் இருந்தார்.

ஜானிஸ் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்கண்ணே. பொண்ணு நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

ஜெரார்ட் மகளைப் பார்த்தார். எழுந்து போய் அக்னஸ் பக்கத்தில் நின்றார். வேண்டாம் என்பதுபோல அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் விடவில்லை.

"கட்டி இவ மாருல இல்ல சம்பந்தி. என் மாருல."