சொல்லாமல் போன ஆட்டம்

கத்தோலிக்கக் குருமடங்களுக்கு இடையிலான உதைபந்தாட்ட இறுதிப் போட்டி கொட்டாஞ்சேனை மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஜெசிந்தா படபடப்போடு நின்றாள். கோல் காத்துக்கொண்டிருந்தவன் அவளுடைய ஒரே மகன் டிலுக்சன். அவன் குருவாகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய கணவர் பேர்னாட் அவனோடு கதைப்பதில்லை. அவளும் அவனைப் பார்க்கப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. கணவர்தான்.

"எங்க நிக்கிறாய்?"

"வெள்ளவத்தை மார்க்கெற்றில. மீன் வாங்க வந்தனான்."

"ஒரே சத்தமாக் கிடக்கு?"

"இண்டைக்குச் சனம் கூட, அப்பா."

அந்த நேரம் எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தான். டிலுக்சன் அவன் காலடியில் விழுந்து பந்தைப் பிடித்தான். பிடித்தவன் எழும்பவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

ஜெசிந்தா கோல் வலையை இறுகப் பற்றினாள். கத்தவும் முடியவில்லை, போன் காதில் இருந்தது.

"நான் பிறகு எடுக்கிறன், அப்பா" என்றாள் அவசரமாக.

"வைக்காத!" பேர்னாட் கத்தினார். "நீதானே கோலுக்குக் கிட்ட நிக்கிறாய், ஓடிப் போய்ப் பிள்ளையைப் பாரன்! நான் மைதானக் கேற்றடியில இருந்து ஓடி வந்துகொண்டிருக்கிறன்."