நட்டநடுவில் ஒரு தூண்

ரோபோ வண்டிகள் பெட்டிகளைச் சுமந்துகொண்டு வரிசையாக வந்தன. கோடவுனின் நட்டநடுவே, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை பயபக்தியோடு சுற்றி வளைத்துக்கொண்டு போயின.

"காத்து கருப்பு ஏதாச்சும் நிக்குதா?" என்று கேட்டார் லாரி டிரைவர். அவருடைய லாரி பாதிச் சரக்கோடு வாசலில் காத்துக் கிடந்தது.

மேனேஜருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. குற்றவாளி யார் என்று அவர் எப்போதோ முடிவுகட்டிவிட்டார். கோடவுனை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டருக்குள் அச்சு அசலாக இன்னொரு கோடவுனைக் கட்டி, வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குள் வண்டிகளுக்கு வழி சொல்லிக்கொடுத்த புரோகிராமர் பெண்தான். அவளுக்கு வேலைகூட இன்னும் நிரந்தரமாகவில்லை. பழி போட இதைவிடத் தோதான ஆள் கிடைப்பாளா?

"மேடம், கம்ப்யூட்டர் கோடவுன்ல நடுவுல ஒரு தூண் நிக்குது," என்று முதலாளியம்மாவிடம் முறையிட்டார். "இங்க ஏது தூண்? ஸ்கேன் எடுத்த அன்னிக்கு ஆரம்பத்துலேர்ந்து முடியுற வரைக்கும் நானே கால் கடுக்க நின்னு மேற்பார்வை பார்த்தேன். எனக்குத் தெரியாதா?"

"சார், அந்தத் தூண் வந்து..." என்று பக்கத்தில் நின்ற புரோகிராமர் பெண் வாயெடுத்தாள்.

"நீ பேசாதம்மா. பேசுறதுக்குத்தான் நான் இருக்கேன்ல?"

அது உண்மைதான். வேறு எதற்கு இருக்கிறார் என்று அந்தக் கோடவுனில் யாருக்கும் தெரியாது.

முதலாளியம்மா வி.ஆர். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். "ஆமா, நிக்குது. சாம்பல் கலர்ல, நடுவுல கொஞ்சம் உப்பலா. கூரையைத் தாங்குதா என்ன?"

மேனேஜர் கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். "எதையும் தாங்கல மேடம். சும்மா தண்டத்துக்கு நிக்குது. போற வர்ற வண்டிக்கெல்லாம் இடைஞ்சல். இதைத் தூக்கிட்டா பாதி வேலை தானா நடக்கும்."

"அப்புறம் ஏன் தூக்கல?" முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"சாரைக் கேக்காம ஸ்கேன்ல ஒரு ஆணியைக்கூட நகர்த்தக் கூடாதுன்னு உத்தரவு மேடம். கேக்கப் போனா, பேசாதன்னு சொல்லிடுறார்."

"இப்பக் குடுத்தாச்சு அனுமதி. தூக்கு," என்றார் மேனேஜர் பெரிய மனதோடு.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூணை அழித்தாள். வழியை நேராக்கி, வண்டிகளுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தாள். அவ்வளவுதான். வண்டிகள் கோடு கிழித்தாற்போல நேராக ஓட ஆரம்பித்தன. டிரைவர் டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் லாரி நிறைந்துவிட்டது.

"பார்த்தீங்களா மேடம்?" மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "இப்படி ஒரு தண்டத்தை இத்தனை நாளா நடுவுல நிக்க வச்சது யாரோ, அவங்களை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும். தயவுதாட்சண்யமே பார்க்கக் கூடாது."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இந்த வேலையை நம்பித்தான் தம்பியைக் காலேஜில் சேர்த்திருந்தாள்.

"நியாயமான பேச்சு," என்றார் முதலாளியம்மா. "பயப்படாம சொல்லும்மா. அந்தத் தூணை அங்க நிறுத்துனது யாரு?"

"யாரும் நிறுத்தல மேடம். ஸ்கேன் முடியுற வரைக்கும் எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். மத்தவங்க எல்லாரும் போனாங்க."

"அப்போ தூண் எப்படி வந்துச்சு?"

அவள் மேனேஜரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தூண் இல்ல மேடம். அது சார்."