ஆனி மாதத்து வெயில்

மழை விட்டதும் மாட்டலாம் என்றான் தகர வேலை செய்யும் அழகுமுத்து. இப்போதே மாட்டு என்றேன்.

கடைக்குப் பின்னால் கொட்டகை இருக்கிறது. அங்கே வைத்து நனையாமல் மாட்டியிருக்கலாம். நான் லொறியைத் தலவாக்கலைக் கடைவீதியில், எங்கள் கடை வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். ஊர் பார்க்க வேண்டும்.

பின்பக்கம் திறந்த சின்ன லொறி அது. அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு டயகம தோட்டம் வரை போய்வரும். போன வாரம் என் மகன் சிவசாமி ஓட்டி வரும்போது, வட்டகொடை வளைவில் பாதையை விட்டு இறங்கித் தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. அரிசி மூட்டைகள்தான் சரிந்தன.

தவறணையில் குடித்துவிட்டு வந்தான் என்றது ஊர்.

காலை வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றேன் நான். எங்கள் குடும்பத்தில் குடித்தவன் என்று பெயர் எடுத்தவர் யாரும் கிடையாது.

என் மகள் சீதாலெட்சுமியைப் பெண் பார்க்க மறுநாள் ஹட்டனிலிருந்து வருவதாக இருந்தது. துணிக்கடை முத்துலிங்கத்தின் குடும்பம். அண்ணன்காரன் குடிகாரன் என்ற பேச்சு அவர்கள் காதில் விழுந்தால், வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள். ஆடி பிறக்கவும் அதிக நாளில்லை. பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சையே எடுக்க முடியாது.

வெயில் என்று வாயால் சொன்னால் போதாது. வெயிலை மறைக்கிற ஒன்று வண்டியில் இருக்க வேண்டும்.

டயகம தோட்டத்துத் துரையின் காரில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லித்தான் அழகுமுத்துவைச் செய்ய வைத்தேன். தொப்பியின் முன்விளிம்பு மாதிரி தகரத்தை வளைத்துக் கொண்டுவந்திருந்தான். முன் கண்ணாடிக்கு மேலே, வெளிப்பக்கமாக, இரண்டு இரும்புப் பட்டைகளில் அது நிற்க வேண்டும்.

சட்டத்தில் துளை போட்டான். துளையில் மழைத்தண்ணீர் நிறைந்தது. வாயால் ஊதிவிட்டுத் திருகாணியை முறுக்கினான். சிவசாமி அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

எதிர்க் கடைகளின் தாழ்வாரத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். வைகாசிக் கடைசியிலிருந்து அந்த ஊரில் எவரும் தம் நிழலைப் பார்த்திருக்கவில்லை.

தேத்தண்ணிக் கடை நல்லமுத்துதான் வாயைத் திறந்தார்.

“என்னங்க முதலாளி, வெயில் மண்டையப் பொளக்குது! மோர் கீர் கொண்டாரச் சொல்லவா?”

தாழ்வாரம் முழுக்கச் சிரித்தது.

“சொல்லுங்க,” என்றேன்.

மோர் வந்தது. மழையில் நின்றபடியே முழுவதையும் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சிவசாமி குரலைத் தாழ்த்தினான். “அப்பா, நாளைக்கு அவங்க வந்ததும் நானே உள்ளதச் சொல்லிடுறேம்ப்பா. இனிமே தொட மாட்டேன்னும் சொல்லிடுறேன். தங்கச்சி வாழப்போற எடம், பொய்யில தொடங்க வேணாம்.”

“குடைய ஒழுங்காப் பிடிடா. அந்தாளு நனையுறான்.”

வேலை முடிந்தது. தகரத்தில் விழுந்த மழை அதன் விளிம்புக்கு ஓடி, கண்ணாடிக்கு முன்னால் திரையாகக் கொட்டியது.

“முன்னவிட இப்பத்தாங்க பாதை தெரியாது,” என்றான் அழகுமுத்து.

கூலியைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாளும் மழை. உச்சிப்பொழுதுக்கு முன்னே அவர்களுடைய கார் வந்து எங்கள் லொறிக்குப் பின்னால் நின்றது. நானே குடையோடு படியிறங்கினேன்.

முத்துலிங்கம் இறங்கியதும் முதலில் லொறியைத்தான் பார்த்தார். கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தகரத்தைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லப் பதில் வைத்திருந்தேன்.

அப்போதுதான் அவர்களுடைய காரைக் கவனித்தேன்.

அதன் கண்ணாடிக்கு மேலேயும் ஒரு தகரம். ஆணிகளின் தலை இன்னும் துருப்பிடிக்கவில்லை. சாயமும் அடித்திருக்கவில்லை.

மாப்பிள்ளை கடைசியாக இறங்கினார். நெற்றி நிறைய விபூதி. அதற்கு அடியில், வலது புருவத்துக்கு மேலே, தையல் போட்ட காயம் ஆறிக்கொண்டிருந்தது.

“நம்ம ஹட்டன்லயும் வெயில் கடுமைங்க,” என்றார் முத்துலிங்கம், வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கேட்க எனக்கு வாய் இருந்தது. நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்று கேட்பார்.

கடையை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள் சீதாலெட்சுமி காப்பியோடு வந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தி மாப்பிள்ளையின் நெற்றியை ஒருமுறை பார்த்தாள். பிறகு, சபையில் பெண்பிள்ளை பார்க்கக் கூடாத விதமாக, என்னைப் பார்த்தாள்.

“இந்த வருசம் எல்லாப் பக்கமும் அப்படித்தாங்க,” என்று முத்துலிங்கத்துக்குப் பதில் சொன்னேன்.

தாம்பூலத் தட்டை எடுத்துவரும்படி சிவசாமியிடம் சொன்னேன்.

இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.