கடைசிப் பெட்டி

நண்பகல் வெயிலில் கசாக் புல்வெளி காய்கிறது. ‘25’ என்று எழுதிய மஞ்சள் வேகப் பலகையைத் தாண்டி நான் ஓட்டும் நிலக்கரி ரயில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. புது ஜல்லி கொட்டித் தண்டவாளத்தைச் சரிசெய்து முடித்துவிட்டார்கள், பலகையைத்தான் எடுக்கவில்லை. எதிரே தெரியும் மேட்டில், கம்பளத்தில் சுற்றிய என் அண்ணன் செகெனை அடக்கம் செய்யத் தூக்கிப் போகிறார்கள். மேட்டடியில்தான் நிலையம். நேரத்துக்குப் போய் இறங்கினால் ஒரு பிடி மண் போடலாம். பக்கத்து வீட்டு ஒஸ்பான் குதிரையில் எங்களை முந்துகிறார். “இதுக்கு மாடே தேவலைடா. எறங்கி என் பின்னால ஏறிக்க.” “ரயிலை யாருகிட்ட விட்டுட்டு வர?” என்று கத்துகிறேன். அவர் தூசிக்குள் மறைகிறார். “பச்சைப் பலகை,” என்று உதவி ஓட்டுநர் ஒராஸ் விதிப்படி உரக்கச் சொல்கிறான். “பச்சைப் பலகை,” என்று நானும் திருப்பிச் சொல்கிறேன். வேகக் கட்டுப்பாடு அங்கே முடிகிறது. என் கை வேகம் கூட்டும் விசைப்பிடிக்குப் போகிறது. “அண்ணே, கடைசிப் பெட்டி இன்னும் தாண்டலை.” தெரியும், அதுவும் தாண்டினால்தான் வேகம் கூட்டலாம். பின்னால் கண்ணுக்கு எட்டாத நீளத்துக்குப் பெட்டிகள். கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொள்கிறேன். மேட்டில் ஒவ்வொருவராகக் குனிந்து நிமிர்கிறார்கள், புழுதி எழுகிறது. அப்புறம் கூட்டம் இறங்கத் தொடங்குகிறது. “தாண்டிடுச்சுண்ணே,” என்கிறான் ஒராஸ், “இப்பப் போகலாம்.”