மறுபடியும் ஃபெயில்

“நாலு பேருமா ஃபெயில்?”

டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்குத் தலை கிறுகிறுத்தது. பெண்கள் பேட்சில் டெஸ்ட்டுக்குப் போன நாலு பேரும் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்திருக்கிறார்கள். இடித்ததாவது போகட்டும். நாலு பேரும் ஒரே கம்பத்தையா இடிப்பார்கள்?

“என்னதான் டீச்சர் சொல்லிக் கொடுக்கறீங்க?”

பெண்களுக்குக் கார் சொல்லிக் கொடுக்கும் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

“தப்பு என் மேலதான் சார். இன்னும் கொஞ்ச நாள் பழகினா சரியாயிடும்.”

“இதையேதான் போன தடவையும் சொன்னீங்க. எதிர்த்த ஸ்கூல்காரன் ‘எங்களிடம் வந்தால் பாஸ்’னு போர்டு வச்சுட்டான். நான் என்னன்னு வைக்கட்டும்? ‘எங்களிடம் வந்தால் கம்பம்’னா?”

முதலாளி விறுவிறுவென்று உள்ளே போனார். அங்கே போனையும் ஆபீஸையும் பார்த்துக்கொள்வது அவர் மனைவி.

“முடிவு பண்ணிட்டேன். ரூம்ல உக்காந்தபடியே கார் ஓட்டக் கத்துக்கற மெஷின் ஒண்ணு வந்திருக்கு. நாளைக்கு அதுக்கு அட்வான்ஸ். இந்த மாசத்தோட டீச்சரை நிறுத்திடலாம்.”

“அவங்க சம்பளத்துலதாங்க அந்தக் குடும்பமே ஓடுது.”

“நம்ம குடும்பம் எதுல ஓடுதாம்? பாவம் பாத்துக்கிட்டே இருந்தா ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“சரி, நம்ம பிரச்சினை என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

“டீச்சருக்குச் சொல்லித் தரத் தெரியலை.”

“சொல்லித் தர்றதை நேர்ல பாத்தீங்களா?”

“பாக்க வேற செய்யணுமா? அதான் கம்பம் சாட்சி சொல்லுதே.”

“கம்பம் இடிபட்டதுன்னுதான் சொல்லும். ஏன் இடிபட்டதுன்னு அதுக்கு என்ன தெரியும்? வயித்து வலின்னு வந்தவனுக்குக் கண்ணாடி மாட்டி அனுப்பற கதையா இருக்கு. ஒரு நாள் வண்டி பின்னாடியே போய்ப் பாத்துட்டு வாங்க. அதுக்குள்ள மெஷின் ஓடியா போயிடும்?”

மனைவி சொல்லைத் தட்டினால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கூடிவிடும் என்பது அவருடைய அனுபவம். மறுநாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் ஸ்கூல் காரைப் பின்தொடர்ந்தார்.

காரை ஓட்டியது ரிவர்ஸ் ராணி. துணிக்கடைக்காரர் ஒருவரின் மனைவிக்கு முதலாளியே வைத்த பட்டப்பெயர் அது. கம்பத்தைக் கண்டால் அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு பாசம். டீச்சர் பக்கத்து சீட்டில், மற்ற மூன்று பேரும் பின்னால்.

ஒரு பஸ் குறுக்கே புகுந்தது. ராணி பதறவில்லை, அழகாக வழிவிட்டுக் கிளம்பினார். மேட்டில் லாரி பின்னால் நின்று, கொஞ்சம்கூடப் பின்வாங்காமல் வண்டியை எடுத்தார். அந்த இடத்தில் முதலாளியின் ஸ்கூட்டர்தான் ஆஃப் ஆனது.

ஏரிக்கரை டீக்கடைக்கு வந்ததும் ஒரு வேனுக்கும் சுவருக்கும் நடுவில், முதலாளியே நுழைய யோசிக்கிற இடத்தில், ஒரே ரிவர்ஸில் காரைச் செருகி நிறுத்தினார்.

முதலாளி வாயைப் பிளந்தார். கார் கதவுகள் திறந்தன. ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, கையில் டீயோடு, வயிறு குலுங்கச் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எதிரே போய் நின்றார். சிரிப்பு பட்டென்று நின்றது.

“ஏன்க்கா, இந்த ஓட்டு ஓட்டறீங்க, டெஸ்ட்ல மட்டும் ஏன் கம்பத்துல போய் முட்டறீங்க?”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராணிதான் வாயைத் திறந்தார்.

“வேணும்னேதான் தம்பி. பாஸாயிட்டா அப்புறம் எதைச் சொல்லிட்டு வீட்டை விட்டு வெளியே வர்றது? விடிஞ்சா அடுப்பு, அது முடிஞ்சா துணி, அது முடிஞ்சா மாமனாருக்கு மாத்திரை. எங்க போனாலும் எதுக்குன்னு கேப்பாங்க. கார் கிளாஸ்னா மட்டும் யாரும் கேக்கறதில்லை. இந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்குன்னு இருக்கு. டீச்சரைத் திட்டாதீங்க. ஒழுங்கா பாஸ் பண்ணுங்கன்னு அவங்க கெஞ்சாத நாள் இல்லை.”

முதலாளி டீச்சர் பக்கம் திரும்பினார்.

“உங்க வேலைக்கே உலை வைக்கப் பாத்தேன். என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீங்க இவங்க வீட்டுக்காரங்க கிட்ட சொல்லிட்டா, இவங்க வெளியே வர்றது நின்னு போயிடும் சார்.”

முதலாளி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கும் ஒரு டீ சொல்லுங்க.”

மெஷின் வாங்கும் யோசனை அன்றைக்கே போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புது கிளாஸ் வந்தது. லைசென்ஸ் வாங்கிய பெண்களுக்கு மட்டும் ‘நெடுஞ்சாலைப் பயிற்சி’. எத்தனை மாதம் வேண்டுமானாலும் வரலாம். பொறுப்பு டீச்சருடையது, சம்பளமும் கொஞ்சம் கூட.

அடுத்த டெஸ்ட்டில் நாலு பேரும் பாஸ். கம்பம் அசையக்கூட இல்லை. சேதி பரவி, எதிர்த்த ஸ்கூலில் பாஸானவர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

முதலாளி ஆபீஸில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். மனைவி முன்னால் வந்ததும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“பிரச்சினை என்னன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அங்கதான் நான் நிக்கறேன்.”

“ஆமாங்க, நீங்கதான் நிக்கறீங்க,” என்று மனைவி சாக்லேட்டைப் பிரித்தாள்.

“அது சரி, தப்பு டீச்சர் மேல இல்லைன்னு உனக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?”

“கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட கார் கத்துக்க வந்தேனே, எத்தனை தடவை ஃபெயிலானேன்?”

“அதை ஏன் கேக்கற? உன்னை மாதிரி ஒரு மக்கு ஸ்டூடண்ட்டை நான் பாத்ததே இல்லை. வேற வாத்தியாரா இருந்தா விரட்டியிருப்பான். நானா இருக்கவும், ஒரு வருஷம் பொறுமையா சொல்லிக் கொடுத்தேன்.”

மனைவி சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

“உங்ககிட்ட சேர்றதுக்கு முன்னாடியே எனக்கு நல்லா ஓட்டத் தெரியுங்க.”