நூற்றறுபது

அவள் முட்டை வாங்கக் கிளம்பியபோது அவர் ஓவனுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை மூடியிருந்தது.

"என்னது கையில?"

"ஒண்ணுமில்லட்டி. நீ போயிட்டு வா."

அவள் திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

முட்டைகளில் ஒன்றுகூட உடையவில்லை.

மருத்துவமனையில் அவருடைய சட்டையை மடித்துக் கொடுத்தார்கள். பையில் ஒரு வட்டமான சிறிய தெர்மாமீட்டர். ஓவனுக்குள் தொங்கவிடுவது. கடைசியாக எனக்கென்று ஒன்று வாங்கியிருக்கிறார் என்று நினைத்தாள். பீரோவில், அவருடைய கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அவர்களுடைய ஓவன் பொய் சொல்லும்.

குமிழில் என்ன வைத்தாலும் உள்ளே இருபது டிகிரி கூடுதல். மூன்று கேக் கருகிய பிறகு இருவருமாகக் கண்டுபிடித்தார்கள். அன்று முதல் நூற்றெண்பது வேண்டுமென்றால் நூற்றறுபதில் வைப்பார்கள். கேக் தின்ன வந்தவர்கள் எத்தனை டிகிரி என்று கேட்டால் அவள் முகம் மாறாமல் நூற்றெண்பது என்பாள். மேசைக்கடியில் அவர் அவள் காலை மிதிப்பார்.

ஒன்பது வருடம்.

அவர் போன பிறகு கேக் வேகவில்லை. அதே நூற்றறுபது, அதே நாற்பது நிமிடம். நடுவில் குழிந்து, உள்ளே பச்சை மாவு.

இரண்டாம் முறையும் அப்படித்தான்.

மூன்றாம் முறை, ஓவனுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதில் ஓர் ஆறுதல் இருந்தது. இந்த வீட்டில் சூடு குறைந்துபோனது தனக்கு மட்டுமில்லை.

டிசம்பர் பிறந்ததும் பக்கத்து வீட்டுப் பெல்சி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"எக்கா, திருப்பிக் கேட்க ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அந்தத் தெர்மாமீட்டர் எனக்குள்ளது. அன்னைக்குக் காலையில அண்ணன் வாங்கிட்டுப் போனாவ. கொஞ்ச நேரத்துல இந்த மதில்ல வந்து நின்னுட்டு, பெல்சி, ஓவனச் சரியாக்கியாச்சு, இனி அது பொய் சொல்லாதுன்னாவ. அவகிட்ட சொல்லிராத, கேக்கு வச்சுட்டு அவளே முழிக்கட்டும்னு ஒரே சிரிப்பு."

அவளும் சிரித்தாள். பெல்சிக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

"தேடி எடுத்துத் தாறேன்" என்றாள்.

தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

தனக்காகத்தான் செய்தார். அது புரிந்தது. புரிந்தும் ஆறவில்லை. இருவருக்குள்ளேயே இருந்த அந்தப் பொய் வெளியே போயிருக்கிறது. அவருடைய கடைசிச் சிரிப்பு ஆறு மாதமாக மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. பெல்சி அதைப் பார்த்திருக்கிறாள். அப்போது அவருடைய முன்பற்களின் சிறிய இடைவெளியும் தெரிந்திருக்கும்.

ஓவனின் குமிழைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. அதன் முதுகில் இரண்டு சிறிய திருகாணிகள். அவற்றைத் தளர்த்தினால் எண் வட்டம் நகரும்.

பக்கத்தில் மெல்லிய பென்சில் கோடு. எதைக் கழற்றினாலும் பழைய இடத்தை முதலில் குறித்துவைப்பவர்.

அவர் கடைசியாக இறுக்கிய திருகாணிகள்.

இரண்டையும் தளர்த்தினாள். எண் வட்டத்தை அந்தக் கோட்டுக்குத் திருப்பினாள். இறுக்கினாள்.

தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டு, ஓவனை ஓடவிட்டு, அரைமணி நேரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முள் நூற்றெண்பதில் நின்ற பிறகு அதை எடுத்து ஆறவைத்து, துடைத்து, மதிலுக்கு மேல் நீட்டினாள்.

"இப்ப கேக்கு நல்லா வருதாக்கா? எத்தனையில வைக்கிய?"

"நூற்றெண்பது."

காலை மிதிக்க யாரும் இல்லை.

உள்ளே ஓவன் இன்னும் ஆறவில்லை. அதன் குமிழ் நூற்றறுபதில் நின்றது.